பற்பசைக் குழாயில் செய்த நான்கு குண்டுகள்

எழுதிப் பழகாத கை இது. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். முன்னால் வர வேண்டியது பின்னால் வரும், சிலது மறந்தும் போயிற்று, பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் கெலாங் பாத்தாவில் மகள் வீட்டில் இருந்தபோது, யாரோ ஒருவர் பொம்மை விமானத்துக்குக் குண்டு செதுக்குவதை அவள் கைப்பேசியில் காட்டினாள். இதை நான் பத்து வயதிலேயே செய்திருக்கிறேன் என்று வாய்வரை வந்தது. சொல்லக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பெக்கான் நானாஸில் எங்கள் வீட்டோடு இருந்தார். அன்னாசி டின் ஆலையில் வேலை. மற்ற நேரமெல்லாம் பொம்மை விமானம் ஒட்டுவார். அந்த முறை ஒட்டியது சண்டைக் காலத்து ஜப்பான் விமானம், இரண்டு எஞ்சின் வைத்தது. பொம்மைக் கடை முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, ஒரு போட்டி வைத்திருந்தார். சனிக்கிழமை வருவதில் எது அச்சு அசலாக இருக்கிறதோ, அது அவர் கண்ணாடி அலமாரியில் வருடம் முழுக்க நிற்கும். மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும்தான்!

இடையில் ஆயுத பூசை வந்தது. அப்பாவின் பாராங் கத்தி, சைக்கிள், மாமாவின் ஸ்பானர், எல்லாவற்றுக்கும் அம்மா பொட்டு வைத்தார். சாமி மேடையில் எப்போதும் இருக்கும் சின்னக் கொலுசுக்கும் வைத்தார். அது நான் பிறக்குமுன், ஜப்பான்காரன் சண்டையில் இறந்துபோன என் அக்காவுடையது. விமானத்தின் இறக்கையிலும் ஒரு பொட்டு. "அக்கா, பெயிண்டு போயிடும்!" என்று மாமா அலறினார். பக்கத்துப் பூத்தட்டில் இன்னும் மாட்டாத நான்கு குண்டுகள் இருந்தன.

"இதுங்களும் ஆயுதம்தானேம்மா?" என்றேன்.

அம்மா குங்குமச் சிமிழை மூடிவிட்டார்.

மறுநாள் வாடிய பூவை வாய்க்காலில் கொட்டுவது என் வேலை. தட்டோடு கவிழ்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் குண்டு ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் கறுப்புத் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அலமாக்! குண்டையும் சேத்துப் போட்டுட்டியா? மீனெல்லாம் இந்நேரம் சண்டைக்குக் கெளம்பியிருக்கும் லா!" என்று மாமா சிரித்தார். முகம் மட்டும் விழுந்துவிட்டது. "வெறும் வயித்தோட கொண்டு போனா தவுக்கே வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாரு."

"நானே செஞ்சு தரேன் மாமா" என்றேன்.

கோப்பிக்கடையில் சீனர்கள் சாப்பிடும் குச்சி ஒன்றை வாங்கி வந்து, சிமெண்டுப் படியில் தேய்த்துத் தேய்த்து மூக்கைக் கூராக்கினேன். வால் தகட்டுக்கு, அப்போதெல்லாம் ஈயத்தில் வந்த பற்பசைக் குழாய். உள்ளே இருந்த பசையையெல்லாம் கோப்பையில் பிதுக்கிவிட்டேன். ஒரு வாரம் வீடே விரலால் தொட்டுப் பல் தேய்த்தது. ஆனால் வால் எப்படி இருக்கும்? தொலைந்தவற்றின் வாலை நானோ மாமாவோ உற்றுப் பார்த்து வைக்கவில்லை. பெட்டிப் படத்தில் குண்டுகள் மழைத்துளி போலத்தான் தெரிந்தன.

"வெள்ளக்காரன் குண்டுக்கு வால்ல வளையம் உண்டு. இந்த ஜப்பான்காரன் குண்டுதான் தெரியல" என்றார் மாமா. "தவுக்கே சண்டையப் பாத்தவரு. தப்பா வெச்சா புடிச்சிடுவாரு."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, நிமிராமலே சொன்னார்:

"நாலு தகடு. நடுவுல குறுக்கக் குறுக்கச் சின்னக் கம்பி. ஒரு தகடு வளைஞ்சிருக்கும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத என் அம்மாவுக்கு விமானக் குண்டு தெரிகிறது! விளக்குமாற்று ஈர்க்கைக் கீறிக் கம்பி வைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கும் தயார். நான்கிலும் மறக்காமல் ஒரு தகட்டை வளைத்துவிட்டேன்.

"கையாடி இது, மெஷினா!" என்று மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். பிறகு உற்றுப் பார்த்து, "இது ஏன் வளைஞ்சிருக்கு?" என்றார்.

"அம்மாதான் அப்படி இருக்கும்னாங்க."

மாமா என்னை இறக்கிவிட்டார். சாமி மேடைப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். குண்டுகளை என் கையிலேயே வைத்து மூடி, "உங்கம்மா கண்ணுல படாம வெச்சுக்கோ" என்றார்.

பற்பசையை வீணாக்கியதற்கு அம்மா திட்டுவார், அதற்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். சனிக்கிழமை விமானம் வெறும் வயிற்றோடு போய், அப்படியே திரும்பி வந்தது. என் குண்டை வைக்காத மாமாவோடு ஒரு மாதம் நான் பேசவில்லை.

அந்த ஜப்பான் குண்டுகளுக்குத் தகடுகளின் நடுவே கம்பி உண்டா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். வளைந்த தகட்டைத் தேட வேண்டாம். அது புத்தகத்தில் இருக்காது. விழுந்த இடத்தில் அம்மா பார்த்தது.