கோட்டுக்கு வெளியே நின்ற தாயும் எங்கள் கௌசரும்

ஆர்.கே.பேட்டை பேருந்தில் நின்றுகொண்டு வந்தபோது, என்னோடு வேலை பார்த்த கௌசரின் தம்பி இம்ரான் போனில் கூப்பிட்டார். "அக்கா நம்மள உட்டுட்டு போயிடுச்சிங்க" என்றார். "யாரு சொன்னது? டாக்டர் சொன்னாரா? வேற யாராவது பாத்தாங்களா?" என்று அதட்டினேன். "நானே பக்கத்துலதாங்க இருந்தேன்" என்று அழுதார். சாவுச் செய்தி எதுவானாலும் இரண்டு இடத்தில் உறுதி செய்யாமல் ஏற்கக் கூடாது என்பது எங்கள் அலுவலகப் பழக்கம். அதைக் கொண்டுவந்தவளே கௌசர்தான். அவள் சாவுக்கும் நான் அதே கேள்வியைக் கேட்டேன் என்று தெரிந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

அவள், இவள் என்றே எழுதுகிறேன். நாங்கள் ஒரே வயதுக்காரிகள். 'அவர்' என்று எழுதினால், "இன்னாடி சரளா, மைக் புடிச்சிக்கினு பேசுற" என்று கிண்டல் செய்வாள். சிறுநீரகம் பழுதான பிறகும் அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வேலைக்கு வந்தவள் அவள். அனுதாபமாக யாராவது பார்த்தால் எரிந்து விழுவாள்.

எங்கள் வேலையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருத்தணியில் ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். அமெரிக்காவில் 'மாஸ் ஷூட்டிங்' என்று சொல்லப்படும் துப்பாக்கிச் சூடுகளைத் தொகுத்து வெளியிடும் ஓர் அறக்கட்டளைக்காக, அந்த நாட்டுச் செய்திகளைப் படித்துப் பதிவு செய்கிறோம். எதை அப்படி அழைப்பது என்பதில் அங்கேயே ஒத்த கருத்து கிடையாது. சுட்டவனைக் கணக்கில் சேர்க்காமல் நான்கு பேர் மீது குண்டு பட்டால் போதும் என்பது எங்கள் அறக்கட்டளையின் விதி. நான்கு பேர் செத்தால்தான் சேர்ப்போம் என்கிறவர்கள் உண்டு. வீட்டுக்குள் நடந்ததையும் கோஷ்டிச் சண்டையையும் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. அதனால் ஒரே வருடத்துக்கு ஆளுக்கொரு எண்ணிக்கை வரும்.

இதில் எதுதான் நிஜம் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் குழம்பினால் கௌசர் விடமாட்டாள். "ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு எவ்ளோ கூட்டம்னு கேட்டா இன்னா சொல்லுவ? காவடிய எண்ணுறியா, காவடிகூட வர்ற ஜனத்த எண்ணுறியா? மொதல்ல அத சொல்லு. அப்பால எவ்ளோன்னு சொல்லு" என்பாள். கேட்டவர் அதற்குப் பிறகு குழம்பியதில்லை.

சுடப்பட்டவர்களில் சிலர் ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து இறப்பார்கள். முதல் நாள் செய்தியோடு பதிவை மூடிவிட்டால் அந்தச் சாவுகள் விட்டுப்போகும். அதற்குக் கௌசர் ஒரு வழி செய்தாள். ஒவ்வொரு பதிவையும் பதினாறாம் நாள் ஒருமுறையும் நாற்பதாம் நாள் ஒருமுறையும் திறந்து, உள்ளூர்ச் செய்திகளை மறுபடி தேட வேண்டும். இது என்ன விசித்திரமான நாள் கணக்கு என்று அமெரிக்க மேலாளர் காணொளிக் கூட்டத்தில் கேட்டார். "எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு மறுபடியும் போய் விசாரிக்கும் நாட்கள் இவை. பதினாறு சரளா வீட்டு வழக்கம், நாற்பது என் வீட்டு வழக்கம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மனிதர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். விட்டுப்போன சாவுகள் பல அப்படித்தான் பதிவேறின.

எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது ஒரே ஒரு பதிவினால். அங்கே ஒரு சிற்றூரில் பிறந்தநாள் விருந்துக்குள் ஒருவன் புகுந்து சுட்டான். மூன்று பேர் மீது குண்டு பாய்ந்தது. அதில் ஒரு பையன் இறந்தான். தப்பி ஓடிய ஒரு பெண் படிக்கட்டில் உருண்டு கால் முறிந்தாள். நான் அவளையும் சேர்த்து நான்கு என்று பதிந்தேன். கால் முறிவு குண்டடி ஆகாது என்று கௌசர் அதை நீக்கிவிட்டாள். சில நாளில் அந்தப் பையனின் தாயிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் பட்டியலில் என் மகன் இல்லை. அவன் கணக்கிலேயே வரமாட்டானா?' என்று கேட்டிருந்தார்.

"அந்தம்மா புள்ளைய பறிகுடுத்துட்டு நிக்கிறாங்க. நீ எண்ணிக்கினு உக்காந்துக்கினு இருக்க! சேத்தா யாருக்கு நஷ்டம்?" என்று கத்தினேன். கௌசர் குரலை உயர்த்தவில்லை. "இந்தம்மாவுக்காவ கோட்ட நகத்துனா, அந்தாண்ட இன்னொரு அம்மா நிப்பாங்க. அவங்களுக்கு இன்னா பதில் சொல்லுவ? இதுல ஒண்ணு தப்புன்னு காட்டிட்டா போதும், துப்பாக்கி வேணுங்கறவனுங்க மொத்தமும் பொய்யின்னுடுவானுங்க. கோடு இருக்கற எடத்துலயே இருக்கட்டும். வெளிய நிக்கிறவங்ககிட்ட நாமதான் போயி பேசணும்" என்றாள். என் கோபம் தவறென்று இன்றும் சொல்லமாட்டேன். அவள் சொன்னது சரி என்பதையும் மறுக்கமாட்டேன்.

பதினாறுக்கும் நாற்பதுக்கும் அந்தப் பதிவைத் திறந்து பார்த்தோம். எதுவும் மாறவில்லை. ஆனால் கௌசர் அதற்குள் அந்தத் தாய்க்குத் தானே பதில் எழுத வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டிருந்தாள். குடும்பங்களுக்கு வழக்கமான அச்சுப் பதிலை மட்டும் அனுப்புங்கள், அதற்கு மேல் பேசுவது உங்கள் வேலை அல்ல என்றார் மேலாளர். அறக்கட்டளை எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் சமயம் அது. "துக்கத்தோடு வந்தவரை வாசலில் நிறுத்தி அனுப்ப எங்களுக்குத் தெரியாது" என்று கௌசர் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூட்டம் முடிந்ததும், "வேல போச்சுன்னா இன்னாடி பண்ணுவ?" என்று கேட்டேன். "தம்பி ஷெட்டுல ஸ்பேனர் எடுத்துக் குடுப்பேன். வா, டீ குடிக்கலாம்" என்றாள்.

மேலாளர் இறங்கி வந்த பிறகு பதிலை அவளே எழுதினாள். 'உங்கள் மகன் இந்தப் பட்டியலில் இல்லை. அவன் மரணம் சிறியது என்பது காரணமல்ல. நாங்கள் போட்ட கோடு அப்படி. கோடு எங்களுடையது, அதன் குறையும் எங்களுடையது.' அந்தத் தாய் மறுமொழி அனுப்பினார். 'என் கோபம் தீரவில்லை. ஆனால் இதுவரை என்னிடம் யாரும் நேராகப் பேசியதில்லை. இவனைப் போல வெளியே விடப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதையாவது அங்கே சொல்லுங்கள்' என்றிருந்தது. "ஞாயமான கோவம். கேக்கறதும் ஞாயம்" என்றாள் கௌசர். ஒவ்வொரு கூட்டத்திலும் அதையே பேசிப் பேசி மேலாளரை ஓயவைத்தாள். இன்று அந்தப் பட்டியலின் தலைப்பிலேயே, 'இதில் இல்லாத மரணம் குறைந்த மரணம் அல்ல' என்ற வரி இருக்கிறது. விதிக்குள் வராத சம்பவங்களுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தவள் அரக்கோணத்து மெக்கானிக் வீட்டுப் பெண் என்பது அங்கே எழுதப்படவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

அவளை அடக்கம் செய்த பிறகு அந்தத் தாய்க்குச் செய்தி சொன்னேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவர் கௌசரின் முழுப் பெயரைக் கேட்டார். கௌசர் பானு என்று எழுதினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் தேவாலயத்தில் மகனுக்காக வேண்டியபோது அந்தப் பெயரையும் உரக்கச் சொன்னதாகப் பதில் வந்தது. அலுவலகம் என்றும் பார்க்காமல் அழுதேன்.

கௌசரின் பொறுமை எனக்கு வராது, வந்ததாக நடிக்கவும் மாட்டேன். அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தால், அதை ஒரு தாயின் முகத்தைப் பார்த்தே சொல்வேன். சொல்லிவிட்டு எழுந்து போகமாட்டேன்.