என் எழுத்தில் வந்த நோட்டீஸ்

நான் வரைந்த தமிழ் எழுத்துருவை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டபோது, உரிமத்தை மூன்று முறை வாசித்துவிட்டுத்தான் விட்டேன். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம்; தனியாக விற்க மட்டும் கூடாது. அதைப் பதித்து ஒருவர் ஓர் ஆவணம் செய்தால், அந்த ஆவணம் முழுக்க அவருடையது. அதில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு லேபிள் வடிவமைத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். இரண்டு வருட சனி ஞாயிறுகளை இப்படித் தூக்கிக் கொடுத்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்தது. கல்யாணப் பத்திரிகையிலும் தேவாலயத்து ஞாயிறு தாளிலும் என் எழுத்தைக் கண்டால், பக்கத்தில் இருப்பவரை இடித்துக் காட்டுவேன்.

போன மாதம் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினாள். கோலா கங்சார் பக்கம், ரப்பரை வெட்டிவிட்டுச் எண்ணெய்ச் செம்பனை போட்ட ஒரு பழைய தோட்டத்தின் தொழிலாளர் லயத்து வீட்டில் அவளும் அவள் வீட்டுக்காரரும் இன்னும் குடியிருக்கிறார்கள். நிலத்தை வாங்கிய கம்பெனி, வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தமிழிலேயே நோட்டீஸ் விட்டிருந்தது. 'ழ'வின் வாலைப் பார்த்ததுமே அது நான் வரைந்தது என்று தெரிந்தது. கோப்பின் விவரத்தைத் திறந்தேன். பதித்த எழுத்துருக்களின் பட்டியலில் என்னுடையது இருந்தது.

நாலு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை நேரே போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் அக்கா வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

"உன் எழுத்துதானே மச்சான்? இந்த மாதிரி வேலைக்குப் போடக்கூடாதுன்னு கம்பெனிக்கு ஒரு சூராட் எழுதி அனுப்புலா."

"முடியாது. யாரு எதுக்கு வேணாலும் போடலாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

"அப்ப மாத்தி எழுது."

"இனிமே வர்றதுக்கு மாத்தலாம். எடுத்துட்டுப் போனதத் திருப்பிக் கேக்க முடியாது. மாத்தவும் மாட்டேன்."

நல்லவர்களுக்கு மட்டும் என்று எழுதிவைத்தால், நல்லவர் யார் என்று தினமும் நான் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு நான் லாயக்கில்லை. அன்று சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அக்கா தேநீரை வைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் கத்திக்கிட்டே இருங்க. போன தடவ நோட்டீஸ் மலாய்ல வந்துச்சு, ஆபீஸ் பாஷையில. யாராச்சும் வாசிச்சுச் சொல்லட்டும்னு வெச்சிருந்தோம். அதுக்குள்ள மாத்து வீட்டுக்குப் பேர் குடுக்கற தேதி போயிருச்சு. இத நானே வாசிச்சேன்."

திரையை மேலே தள்ளி, கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"ஆட்சேபம் இருந்தா பதினாலு நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம். இன்னும் மூணு நாள்தான் இருக்கு. நீ இத வாசிக்கலயா?"

நாலு நாளாக அந்தத் தாளில் நான் என் எழுத்தின் வடிவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.