கோட்டைத் தாண்டாத கால்

எங்கள் கபடி அணியில் ஒரு வழக்கம் இருந்தது. அம்பயர் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் கேப்டன் உடனே சண்டைக்குப் போக மாட்டார். ஆடியவனைக் கூப்பிட்டு ஒரே ஒரு தடவை கேட்பார். அவன் சொல்வதுதான் முடிவு. தாராவியில் மற்ற அணிக்காரர்கள் எங்களை ‘சாமியார் டீம்’ என்று கிண்டலடிப்பார்கள்.

மாட்டுங்காவில் இறுதி ஆட்டம். எனக்குப் பத்தொன்பது வயது, கேப்டன் அண்ணனுக்கு இருபத்தாறு. ஓர் அலுவலக அணிக்கு ஆள் எடுக்க வந்த இருவர் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் பார்க்க வந்தது அண்ணனைத்தான். எடுத்தால் நிரந்தர வேலை. அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தோம். ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. ரைடுக்கு என்னை அனுப்பினார்கள். யாரையும் தொட வேண்டாம். எதிராளி பக்கம் முதலில் இருக்கும் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டுத் திரும்பினால் போதும்; தாண்டாமல் வந்தால் அவுட். ஸ்கூல் பிள்ளைகூடச் செய்துவிடும். ‘கபடி, கபடி’ என்று வாய் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கூட்டத்தின் சத்தம் கேட்கவில்லை. பயம்கூட இல்லை. கால் மரத்துப்போயிருந்தது. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்று, அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

அம்பயர் அவுட் கொடுத்தார். எதிரணிக்கு ஒரு பாயிண்ட், ஆட்டம் சமன். அண்ணன் என் தோளைப் பிடித்தார்.

“ஏல, தாண்டினியா?”

“தாண்டினேன்ணே.”

“பக்கா?” வழக்கமில்லாமல் இரண்டாவது தடவையும் கேட்டார்.

“பக்கா.”

வாய்தான் சொன்னது, நான் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் போய் வாதாடினார். பேச்சு முற்றி, அம்பயரைத் தள்ளிவிட்டார். அட்டையைக் காட்டி அண்ணனை வெளியே அனுப்பினார்கள். எதிரணியின் அடுத்த ரைடில் தோற்றோம். முன்வரிசையில் அந்த இரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன. எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

அண்ணன் இப்போது செம்பூரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மதினி டீயைக் கொடுத்துவிட்டு, “ஒரு பாயிண்டுக்காக வேலையத் தொலைச்சுட்டு நிக்காரு” என்று வழக்கம்போல் ஆரம்பித்தார்.

“இவன் தாண்டத்தான் செஞ்சான். அந்த அம்பயருக்குக் கண்ணு தெரியல” என்றார் அண்ணன். “வேணும்னா அவன்கிட்டயே கேளு.”

இத்தனை வருஷத்தில் மதினி என்னிடம் கேட்டது அன்றைக்குத்தான். “நெசமாவா?”

“ஆமா மதினி” என்றேன். டீயைக் குடித்தேன்.