ஃபிராங்க்ளினின் பண்பாட்டு வாரம்

கோணிப்பையைக் கவிழ்த்து, கோழி இறகுகளைத் தரையில் பரப்பி, உடையாததாகப் பொறுக்கிப் பச்சைச் சாயம் தடவிக்கொண்டிருந்த ஒரு மனிதரைத்தான் ஒருநாள் சந்திக்க வாய்த்தது! பெயர் ஃபிராங்க்ளின். ஊர் மர்பி டவுன். வேலை, பண்பாட்டு ஒருங்கிணைப்பாளர். யாருடைய பண்பாடு என்று கேட்டால் சாயக் கையாலேயே தலையைச் சொறிவார். பிறகு அன்று முழுக்கத் தலை பச்சையாக இருக்கும்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் வரிசையாகத் தகரக் கொட்டகைகள். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து கட்டட வேலை பார்க்கும் பழங்குடிக் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு மையம் உண்டு. ‘வேர்’ என்று பெயர். சாப்பாடு, பாடம், மதியத் தூக்கம், காய்ச்சல் வந்தால் மருந்து எல்லாம் கிடைக்கும். இது போதாது, மையம் பண்பாட்டில் ஊன்றி நிற்க வேண்டும் என்று பணம் கொடுக்கும் கம்பெனி சொல்லிவிட்டது. ஊன்றுகிற பொறுப்பு ஃபிராங்க்ளினுக்கு.

அவருடைய தகுதி, சர்ச் பேண்டில் டிரம் வாசித்தது. “டிரம்முன்னா டிரைபல்தானேன்னு இன்டர்வியூல சொன்னேன். அப்பாயின்ட் பண்ட்டாங்கோ. நான் இன்னா பண்றது?” என்பார்.

ஆனால் வாங்கும் சம்பளத்துக்கு ஏமாற்றுகிறவர் இல்லை, அதுதான் அவரிடம் அழகு. பயிற்சி வகுப்பில் யாரோ சொல்லிக் கொடுத்த ‘மலை வணக்கத்தை’, நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடி முன்னால் குனிவதை, தினமும் காலையில் ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் செய்வார். முதல் வாரம் ஆளுக்கு நெஞ்சுவலி என்று நினைத்து ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சுவரில் புலி, அருவி, குடிசை எல்லாம் வரைந்தார். பிள்ளைகள் கிரேன் வேண்டும் என்று அழுதார்கள். இப்போது புலிக்குப் பக்கத்தில் மஞ்சள் கிரேன் ஒன்று நிற்கிறது, புலியைவிட அதுதான் உயிரோட்டம்.

அவர் மாதிரிக்கு முதலில் கட்டிய இறகுத் தலைப்பாகையைப் பார்த்துவிட்டுச் சின்னத்தாயி சொன்னது கொட்டகை முழுக்கப் பிரபலம். “எங்கூர்ல தலையில இத்தன எறவோட வந்தா, கோழி திருடன்னு கட்டி வெச்சி ஒதைப்பாங்கண்ணா.”

சின்னத்தாயி அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் செங்கல் சுமக்கிறார். அவருடைய மகளுக்கு ஏழு வயது, பெயர் அனன்யா. அந்தப் பெயரைக் கேட்டதும் மையத்தின் மேலாளர் ரமாவுக்கு முகம் வாடிவிட்டதாம். மல்லேஸ்வரத்தில் பல தலைமுறையாக வேரூன்றிய தமிழ்க் குடும்பம் அவருடையது. “ட்ரெடிஷனலா வேற பேர் ஒண்ணும் வெக்கலையா?” என்று விசாரித்தார். “வெச்சிருக்கமே மேடம், அனன்யாஸ்ரீ” என்றார் சின்னத்தாயி.

ஆகஸ்ட் ஒன்பது உலகப் பழங்குடியினர் தினம். அதையொட்டி மையத்தில் பண்பாட்டு வாரம். கம்பெனியிலிருந்து சுதீர் என்பவர் நேரில் வந்து பார்த்துவிட்டு, அடுத்த வருடமும் மையம் நடக்குமா நடக்காதா என்று சொல்வார். இறகுகளுக்குச் சாயம் ஏறியது அதற்காகத்தான். அது காய்வதற்குள் சின்னத்தாயி வாசலில் வந்து நின்றார்.

“அண்ணா, நாளைக்கி ஊருக்குப் போறம். ஆடித் திருவிழா.”

“யார் யாரு?”

“எல்லாரும்தான். கொட்டாயில நாயி மட்டும் இருக்கும்.”

“இன்னாமா இப்டி பேஜார் பண்றே! உங்க கல்ச்சருக்குத்தான் ஃபங்சன் வெச்சிருக்கேன். நீங்களே இல்லாங்காட்டி எப்டி? சாமியாண்ட சொல்லி ரெண்டு வாரம் தள்ளி வெச்சிக்கோயேன்.”

“சாமி என்ன உங்க மேனேஜராண்ணா, மெயில் போட்டா தேதிய மாத்த?”

சிரித்தார். சிரித்தவர் போகவில்லை. தொடர்ந்து இரண்டு வாரம் வராத பிள்ளையின் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்பது மையத்தின் விதி. காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம்.

“போனா திரும்பி வர மூணு வாரமாவும்ணா. பாப்பா எடம் இருக்குமா? இல்லன்னா சைட்டுக்குத்தான் இட்டுனு போவணும். போன வருசம் லிஃப்டுக் குழியாண்ட நின்னு எட்டிப் பாத்துக்கினே இருப்பா. கல்லு தூக்கறப்பகூட எங்கண்ணு அங்கியேதான் கெடக்கும்.”

“பாக்கலாம்மா” என்றார் ஃபிராங்க்ளின். அவர் பார்க்கலாம் என்றால் முடியாது என்று பொருள். அது கொட்டகையில் குழந்தைகளுக்கும் தெரியும். சின்னத்தாயி தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் மொத்தக் கொட்டகையும் பஸ் ஏறியது. பழங்குடிகள் பண்பாட்டைக் கொண்டாடப் போய்விட்டதால் பழங்குடிப் பண்பாட்டு வாரத்துக்கு ஆள் இல்லை! மூங்கில் பந்தல் இருக்கிறது, ஸ்பீக்கர் இருக்கிறது, அளவெடுத்துத் தைத்த இலையுடைகள் இருக்கின்றன, போட்டுக்கொள்ளத்தான் ஒரு பிள்ளை இல்லை.

ரமா பதற்றப்படுகிறவர் இல்லை. பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் பல நெருக்கடிகளைச் சமாளித்தவர். சுதீர் வருவதற்கு முந்தின மதியம் ஒரு வழி கண்டுபிடித்தார்.

“ஒண்ணு பண்ணுங்கோ ஃபிராங்க்ளின். உங்க மர்பி டவுன் பசங்களைக் கொஞ்சம் பேர் கூட்டிண்டு வந்துடுங்கோ. பார்க்க அப்படியேதானே இருப்பா?”

மேடம் எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு சிரித்து வைப்பது ஃபிராங்க்ளினின் வழக்கம். அன்றைக்கும் உதடு பாதி விரிந்தது. பாதியிலேயே நின்றது. அவருக்கும் ஒரு மகன் இருக்கிறான், அதே வயது, அதே நிறம்.

“அப்டியேன்னா எப்டி மேடம்?”

ரமா மின்விசிறியைப் பார்த்தார். “இல்ல, ஐ மீன், கொழந்தேள்னா எல்லாம் கொழந்தேள்தானே.”

மறுநாள் காலை ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஃபிராங்க்ளின் தனியாக வந்து நின்றார். பின்னால் பிள்ளைகள் வருகிறார்களா என்று ரமா தெருவை எட்டிப் பார்த்தார். ஒரு பிள்ளையும் இல்லை, ஏன் என்று கேட்க நேரமும் இல்லை. சுதீரின் கார் வந்துவிட்டது.

சுதீர் பந்தலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கிரேனைச் சற்று அதிக நேரம் பார்த்தார். “சில்ட்ரன் எங்க?”

“ஊருக்குப் போயிருக்காங்கோ சார். திருவிழா.”

“கல்ச்சர் வீக் இங்கதானே?”

“இங்க டெக்கரேஷன் மட்டுந்தான் சார். ஐட்டம் அங்க நடக்குது.”

“அப்போ அட்டெண்டன்ஸ் ஜீரோ” என்றார் சுதீர், கையிலிருந்த டேப்லெட்டைத் திறந்தபடி. ரமாவின் முகம் சுண்ணாம்பானது. ஜீரோ என்று பதிவானால் மையமே இருக்காது. மையம் போனால் அனன்யா மட்டுமல்ல, எல்லாப் பிள்ளைகளும் செங்கல்லுக்கும் குழிக்கும் நடுவில்தான்.

ஃபிராங்க்ளின் இதுவரை உட்கார்ந்து தூங்கிய பயிற்சி வகுப்புகளெல்லாம் அந்த நொடியில் அவருக்குள் விழித்துக்கொண்டன.

“ஆப்சென்ட் இல்ல சார். ஃபீல்டு இம்மர்ஷன், அங்கியே முங்கிக் கத்துக்கறது. கம்யூனிட்டியே லீட் பண்ணுது. ஃபுல்லா ஹில் பேஸ்டு.”

சுதீரின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்! “வாவ்! பார்ட்டிசிபேஷன் எவ்ளோ?”

“நாயைத் தவிர எல்லாருமே சார்.”

“அதான் நம்ம மாடலே” என்றார் ரமா. குரல் சற்றும் நடுங்கவில்லை. அனுபவம் அனுபவம்தான்.

ஃபிராங்க்ளின் விடவில்லை. ஒரு அடி முன்னால் வந்தார். “இம்மர்ஷன்ல இருக்கிற பிள்ளையோட எடத்த எடுத்து வேற பிள்ளைக்குக் குடுக்கக்கூடாது இல்ல சார்? பாலிசி பிரகாரம்?”

“நோ நோ, எப்படிக் குடுப்பீங்க? அதுதானே ப்ரோக்ராமே!” சுதீர் அதையும் டேப்லெட்டில் ஏற்றினார். ரமா தலையாட்டினார். திருவிழாவுக்குப் போனால் விடுப்பு. இம்மர்ஷனுக்குப் போனால் சாதனை. அடுத்த வருடத்துக்கும் மையம் உறுதியாயிற்று.

மலையில் சின்னத்தாயிக்கு இது எதுவும் தெரியாது. மூன்று வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இருந்த அனன்யாவை முன்னால் விட்டு வாசலுக்கு வெளியே நின்றார். பஸ் கிடைக்கவில்லை, மழை பெய்தது, பாப்பாவுக்கு முடியவில்லை என்று மூன்று காரணங்களைத் தயாராக வைத்திருந்தார். காத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகளையும் கூடுதலாகச் சேர்த்திருந்ததால் வரிசையில் புதிது புதிதாக முகங்கள் தெரிய, எடுத்த எடுப்பில் மூன்றையும் சேர்த்துச் சொன்னார்.

ஃபிராங்க்ளின் பாதிகூடக் கேட்கவில்லை. சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். “டேய், ஒட்டி உக்காருங்கடா! ஆள் வந்துகீது பாரு” என்று இரண்டு பையன்களின் முட்டியைப் பிடித்து நகர்த்தினார். நடுவில் விழுந்த இடத்தில் சிந்தியிருந்த சோற்றைத் தன் கையாலேயே வழித்தெடுத்துவிட்டு, அங்கே ஒரு தட்டை வைத்தார்.

எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் போகிறவர்கள் ஒரு மதியம் எட்டிப் பாருங்கள், நாலு பேருக்கும் சொல்லுங்கள். ஆடியில் மட்டும் போகாதீர்கள், பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள்.