மறைவு: அடுத்த மழை

அவனியாபுரத்தில் எங்கள் தெருச் சாக்கடைக்கு மூடி கிடையாது. மழை பெய்தால் எது ரோடு, எது சாக்கடை என்று தெரியாது. போன ஐப்பசியில் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பிள்ளை உள்ளே விழுந்து காலை முறித்துக்கொண்டது. எச்சரிக்கை பேனர் ஒன்று வேண்டுமென்று தெருக்காரர்கள் என்னிடம்தான் வந்தார்கள். பிளெக்ஸ் டிசைன் என் தொழில். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும்.

நாலு நாள் உட்கார்ந்து செய்தேன். நீல வானம், சிரிக்கிற குழந்தை, கீழே ‘பாதுகாப்பாக நடப்போம்’. கட்டிய மறுநாளே அதன் நிழலில் ஒருவர் இளநீர்க் கடை போட்டார். வேறு யாரும் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு ராத்திரி அவன் ஒரு போஸ்டர் ஒட்டினான்; நான் மட்டும்தான் பார்த்தேன். என்னோடு ஓவியக் கல்லூரியில் படித்தவன். வெளிநாட்டு பங்க் பாட்டுக்காரர்கள் மாதிரி கிழிந்த சட்டையில் வரிசையாக ஊக்குக் குத்திக்கொண்டு திரிகிறவன். “யாராச்சும் அவனுக்கு ஊசி நூல் வாங்கிக் குடுங்கப்பா” என்று டீக்கடையில் நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

பேப்பரிலிருந்து வெட்டிய கோணல் எழுத்துகள், ஜெராக்ஸ் கறுப்பு. கண்ணீர் அஞ்சலி. போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை, அதற்குள் சுவர். பெயர்: நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மறைவு: அடுத்த மழை. செய்தவன் பெயர் எங்கும் இல்லை.

எங்கள் பக்கம் போஸ்டர் ஒட்டுகிறவர்கள், பதினாறாம் நாள் காரியம் கழியும்வரை கண்ணீர் அஞ்சலி மேல் எதையும் ஒட்டமாட்டார்கள். சினிமாக்காரன், கட்சிக்காரன் எல்லாரும் அவனுடையதைச் சுற்றித்தான் ஒட்டினார்கள். எத்தனை அஞ்சலி செய்திருப்பேன், எனக்கு ஏன் தோன்றவில்லை? வயிறு எரிந்தது.

டீக்கடைக்காரர் கேட்டார்: “அண்ணே, உங்க வேலைதானே? அம்புட்டுப் பேரும் நின்னு பாக்குறாய்ங்க.”

“ஆமா” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பத்தாம் நாள் மாநகராட்சி லாரியில் சிமெண்ட் மூடிகள் வந்து இறங்கின. தெருக்காரர்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கூட்டத்தில் அவனும் நின்று கைதட்டினான். அவன் பக்கத்தில் போய், “மாப்ள, அது வந்து...” என்று இழுத்தேன்.

“விடு மாப்ள. யாரு செஞ்சா என்ன? மூடி போட்டாச்சுல்ல. வா, டீ குடிப்போம்.”

அவன் திட்டியிருந்தால் தேவலை. அது மாதிரி போஸ்டர்கூட நாளைக்கே ஒன்று செய்துவிடுவேன். ஆனால் என் போஸ்டருக்கு வேறொருவன் பொன்னாடை வாங்கியிருந்தால், இப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. பொறாமை என்னை முழுசாகப் பிடித்தது அப்போதுதான்.