மெத்தையில் வைத்த லேப்டாப்

மதுரை கே.கே. நகரில் வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்கிறேன். மின்வெட்டு அதிகமாக இருந்த சமயம் அது. ஒருநாள் மதியம் கரண்ட் வந்ததும் லேப்டாப்பை மெத்தையில் வைத்து சார்ஜ் போட்டேன். தூசி படாமலிருக்கப் போர்வையால் மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். பக்கத்தில் என் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள்.

குழந்தையைப் பார்க்க வந்த நாத்தனார் அலறினாள். "மதினி, ஓடியாங்க! மெத்த இம்புட்டுச் சுடுது, கருகுன வாடை வேற வருது!"

நான் ஓடுவதற்குள் குழந்தையைத் தூக்கிவிட்டாள். சுவிட்சை அணைத்துப் போர்வையை விலக்கினேன். பேட்டரி உப்பி, விரிப்பு பழுப்பேறியிருந்தது. மகளோ அத்தை தோளில் சிரித்தாள். அவளை வாங்கி உடம்பெல்லாம் தொட்டுப் பார்த்தேன்.

புது பேட்டரி போட்டதும் லேப்டாப் பிழைத்துக்கொண்டது. இப்போதெல்லாம் மேஜை மேல் காற்றோட்டமாக வைத்து, என் கண் முன்னேதான் சார்ஜ் போடுகிறேன். நிறைந்ததும் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.