உடைப்பை அடைத்துவிட்டுத் துரத்தியவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. "சாக்கு அண்ணன் காலமாகிவிட்டார்." 'ரத்த மதகு' பட ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். அடுத்த நிமிடமே பதில்கள் வரத் தொடங்கின. "பொறுங்க, எழுந்துடுவார்." "இன்னும் ரெண்டு தடவை பாக்கி இருக்கு." ஒரு மகானுபாவர் வரிசையாகச் சிரிப்பு முகங்களை அனுப்பியிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

யோசித்துப் பார்த்தால் அவர்கள் மேல் தப்பில்லை. அந்தப் படத்தில் அவர் நடித்த சாக்கு மனிதன் மூன்று தடவை சாவான், மூன்று தடவையும் எழுந்து வருவான். நான் அவருடைய மனைவி சரோஜா அண்ணிக்கு போன் செய்தேன்.

"ஆமா செல்வி. காலைல டீ போட்டுக் குடுத்தேன். பாதி குடிச்சாரு, அப்படியே சாஞ்சுட்டாரு. இந்தத் தடவை எந்திரிக்கல."

இதைச் சொல்லிவிட்டு அண்ணி அழுதார்கள். நானும் அழுதேன். இட்லிப் பானையில் தண்ணீர் வற்றிப் பாத்திரம் தீய்ந்துபோனது.

கலியமூர்த்தி அண்ணனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குத்தாலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா பிறத்தியார் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். அண்ணன் பாசனப் பிரிவில் லஸ்கராக வேலைக்குச் சேர்ந்தார். வாய்க்கால் தலைப்பில் ஷட்டரைத் திறந்து மூடி, எந்த ஊருக்கு எப்போது தண்ணீர் போக வேண்டுமோ அப்போது விடுகிற வேலை. பிற்பாடு சொந்தமாக ஒரு ஏக்கர் வாங்கிப் பயிர் வைத்தார். ஆறடிக்கு மேல் உயரம். பேச்சு என்னவோ ஆறு வார்த்தைக்கு மேல் போகாது. அந்த உயரத்துக்கும் மௌனத்துக்கும்தான் நாற்பது வருடங்களுக்கு முன்பு கொலைகாரன் வேடம் கிடைத்தது.

படம் எடுத்தவர் குத்தாலத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த நவநீதம் சார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மாயவரத்தில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போன என்னிடம் அவர், "நல்லாக் கத்துவியாம்மா?" என்று கேட்டார். கத்திக் காட்டினேன். பக்கத்து மளிகைக் கடையிலிருந்து நாலு பேர் ஓடி வந்துவிட்டார்கள். நான் கதாநாயகி ஆனேன்.

'ரத்த மதகு' கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். மதகில் தள்ளிக் கொல்லப்பட்ட ஒருவன், முகத்தில் சாக்கை மாட்டிக்கொண்டு கதிர் அரிவாளோடு திரும்பி வந்து, தன்னைக் கொன்றவர்களை ஒவ்வொருவராக வெட்டுகிறான். அவ்வளவுதான். அந்தச் சாக்கு யூரியாச் சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட நவநீதம் சார் அதைத் திருப்பித் தைக்க மறந்துவிட்டார். அதனால் கொலைகாரனின் நெற்றியில் 'கொக்கி உபயோகிக்காதீர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நள்ளிரவுக் காட்சிகள் எல்லாம் பகலில் கேமராக் கண்ணாடியில் நீலத் தாள் ஒட்டி எடுத்தவை. நான் இருட்டில் நடுங்கிக்கொண்டு நிற்பேன், பின்னால் ஒரு அம்மா நெல்லைக் காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருப்பார். ரத்தத்துக்கு நன்னாரி சர்பத்தில் சாயம் கலந்தார்கள். வெட்டுப்பட்டு விழுந்த பண்ணையார் மேல் எறும்பு ஏறியது. பிணம் பட்டென்று தொடையில் ஒரு அடி அடித்துவிட்டு மறுபடி செத்துப்போகும்.

இவ்வளவும் இருந்தும் படம் இன்றுவரை ஓடுவது இவற்றுக்காக இல்லை. அது கடைசி நாள் எடுத்த ஒரு காட்சிக்காக.

அன்று சாயங்கால பஸ்ஸில் வாடகை கேமரா சென்னைக்குத் திரும்ப வேண்டும். கையில் இருந்தது ஒரே ஒரு பிலிம் சுருள். நான் நடவு வயல் வழியாக ஓட வேண்டும், அண்ணன் அரிவாளோடு துரத்த வேண்டும், மதகுக்கு வந்ததும் என்னைப் பிடிக்க வேண்டும். "நிக்காம ஓடு, திரும்பிப் பாக்காத" என்று எனக்குக் கட்டளை. உயிரைக் கொடுத்து ஓடினேன். கத்திக்கொண்டே மதகுக்கு வந்து நின்றேன். பிடிக்க ஆளைக் காணோம். திரும்பிப் பார்த்தால் அண்ணன் தூரத்தில் குனிந்து நிற்கிறார்.

நடந்தது இதுதான். துரத்த ஆரம்பித்தவர், வயலில் இறங்கும் முன்பு செருப்பைக் கழற்றி வரப்பு ஓரமாக ஜோடியாக வைத்தார். இறங்கியவர், நாற்றை மிதிக்காமல் வரிசைக்கு நடுவில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தார். கொலைவெறியோடு துரத்துகிறவர் கொக்கு மாதிரி நடந்தார். அடுத்த வரப்பில் ஒரு நண்டு வளை பெரிதாகி, உடைப்பு எடுத்துத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் நின்றார். அரிவாளைக் கக்கத்தில் இடுக்கினார். இரண்டு கை நிறையச் சேறு அள்ளிப் போட்டு, காலால் நாலு மிதி மிதித்து, ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு அரிவாளை ஓங்கிக்கொண்டு மறுபடி ஓடி வந்தார்.

பிலிம் தீர்ந்துவிட்டது. நவநீதம் சார் தலையில் கைவைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் சாக்கைக் கழற்றிவிட்டு, "அவங்க முறைத் தண்ணிங்க. பத்து நாளாக் காத்திருந்து விட்டுருக்காங்க. அத எப்படிங்க தாண்டிப் போறது?" என்றார்.

படத்தை வாங்க வந்த சென்னைக்காரர்கள் அந்தக் காட்சியில் சிரித்துவிட்டு எழுந்து போனார்கள். டூரிங் கொட்டகையில் ஒரு வாரம் ஓடியது. நவநீதம் சார் ஸ்டூடியோவை மூடிவிட்டுத் திருப்பூர் பக்கம் போய்விட்டார். நானோ சென்னைக்குப் போய்ப் பெரிய நடிகை ஆகப்போகிறேன் என்று தோழிகளிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தேன். ஒரு நாள் கடைத்தெருவில் அண்ணனைப் பார்த்ததும் அத்தனை ஆத்திரமும் வாயில் வந்துவிட்டது. "உங்களாலதான் எல்லாம் போச்சு. என் வாழ்க்கையே போச்சு. நல்லா இருங்க" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டேன்.

என் வாழ்க்கை ஒன்றும் போய்விடவில்லை. அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, பேரன் பேத்தி பார்த்துவிட்டேன். சொன்ன வார்த்தையை நான் ஒரு மாதத்தில் மறந்துபோனேன்.

படம்தான் சாகவில்லை. வீடியோ கேசட்டில் வந்தது, சி.டி.யில் வந்தது, பிறகு கைப்பேசிக்கு வந்துவிட்டது. சில வருடங்களாக, ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஞாயிறு குத்தாலத்தில், அண்ணன் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் கல்யாண மண்டபத்தில் ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பகல் காட்சியாகப் போடுகிறார்கள். தஞ்சாவூர்க் கல்லூரிப் பிள்ளைகள் நெற்றியில் 'கொக்கி உபயோகிக்காதீர்' என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். பூம்புகாரிலிருந்து மீன்காரக் குடும்பங்கள் வேன் பிடித்து வருகின்றன. நான் கத்தும்போது மண்டபமே கூடக் கத்துகிறது. அண்ணன் உடைப்பில் குனியும்போது எல்லோரும் எழுந்து நின்று, "மிதி! மிதி! மிதி!" என்று கை தட்டுகிறார்கள். சிறப்பு விருந்தினராக எனக்கு வருடா வருடம் ஒரு சால்வை. வீட்டில் வைக்க இடமில்லை.

என்னைக் கேட்டால், மற்ற பேய்ப் படங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக பயமாக இருக்கும். இதைப் பார்த்தால் ஊர் மேல் நம்பிக்கை வரும். கொலைகாரனுக்கே இங்கே நாற்றை மிதிக்க மனம் வரவில்லையே!

ஆனால் அண்ணன் மட்டும் ஒரு வருடம்கூட வந்ததில்லை. அழைக்கப் போகிறவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுவார். கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன். சென்ற ஆடியில் நானே நேரில் போனேன். என்னைக் கண்டதும், மாட்டுக்குத் தீவனம் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அண்ணிதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்.

"மண்டபத்துல சிரிக்கிறது இங்க வரைக்கும் கேக்கும் செல்வி. அன்னிக்கெல்லாம் சாப்பிட மாட்டாரு. 'என்னயப் பாத்துத்தான் சிரிக்கிறாங்க. ஒரு நல்ல மனுசன் தொழிலக் கெடுத்தேன், ஒரு பொண்ணு வாழ்க்கையக் கெடுத்தேன்'னு இத்தன வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்காரு. நீயே ஒன் வாயால சொன்னியாமே."

நான் ஒரு மாதத்தில் மறந்ததை அவர் நாற்பது வருடம் சுமந்திருக்கிறார். எத்தனை சால்வை வாங்கியிருப்பேன்! வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டால், "அதெல்லாம் இல்லம்மா" என்று மறுபடி கொல்லைக்குப் போய்விடுவார். அந்தக் கை தட்டலை அவர் நேரில் பார்த்தாக வேண்டும். அண்ணியும் நானும் ஒரு சதி செய்தோம்.

அந்த ஞாயிறன்று படம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது அண்ணி வீட்டுக்குள் ஓடி, "மண்டபத்துல குழா ஒடஞ்சு தண்ணி வீணாப் போவுதாம். யாருக்கும் நிறுத்தத் தெரியலியாம்" என்றார்கள். அவ்வளவுதான். அண்ணன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பாதிச் சட்டை மாட்டியபடி வந்துவிட்டார். வாசலில் நின்ற நான் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். திரையில் அவர் வரப்பில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வெளியே போகத் திரும்பினார். அதற்குள் மண்டபம் முழுவதும் எழுந்துவிட்டது. "மிதி! மிதி!" அண்ணன் ஸ்பேனரை மார்போடு பிடித்துக்கொண்டு சுவரில் ஒட்டி நின்றார். பக்கத்தில் கைதட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், யாரென்று தெரியாமல் அவரிடமே சொன்னார்:

"இந்தப் படத்துல எல்லாம் டூப்பு தம்பி. இது ஒண்ணுதான் நெசம். யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்."

நான் மைக்கை வாங்கி, "சாக்கு மனிதர் கதவுப் பக்கம் நிக்கிறாரு" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சத்தத்தை எழுதிக் காட்ட என்னால் முடியாது. அவரைத் தூக்காத குறையாக மேடைக்குக் கொண்டு வந்தார்கள். ஏதாவது பேசுங்க, பேசுங்க என்றார்கள். ஸ்பேனரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைக்கை வாங்கிச் சொன்னார்:

"அந்த ஒடப்ப இன்னும் கொஞ்சம் ஒசத்தி அடைச்சிருக்கணும். அவசரத்துல மிதிச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க."

மண்டபத்துக் கூரை பறக்காமல் இருந்தது ஆச்சரியம். முதல் வரிசையில் உட்கார்ந்து மீதிப் படத்தைப் பார்த்தார். தான் மூன்றாம் தடவை எழுந்தபோது அவரே வாய்விட்டுச் சிரித்தார். வெளியே வந்ததும் நான், "அண்ணே, அன்னிக்குக் கடைத்தெருவுல நான் சொன்னது தப்பு" என்றேன்.

"என்ன சொன்னே? எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்லியே" என்றார். பொய். இரண்டு தப்படி நடந்துவிட்டுத் திரும்பி, "தங்கச்சி, மண்டபத்துல கொழா ஒழுவுதுன்னாங்களே, எங்க?" என்று கேட்டார். கடைசியில் நிஜமாகவே ஒழுகிய ஒரு குழாயைத் தேடிப் பிடித்துச் சரிசெய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

புதன்கிழமை அவரை எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பது வழக்கம். நானும் நின்றேன். அண்ணி என் தோளில் கைவைத்து, "நீ போ செல்வி. ஒன்னத்தான் அவரு தொரத்துனாரு. கூடப் போய் அனுப்பிட்டு வா" என்றார்கள். யாரும் மறுக்கவில்லை. அன்று அவர் என் பின்னால் ஓடி வந்தார், இன்று நான் அவர் பின்னால் நடந்தேன்.

தூக்கியவர்கள் எல்லாம் அவரோடு வேலை பார்த்த லஸ்கர்கள். பாதி வழியில் பாடையை இறக்கித் திசை மாற்றி வைக்கும் இடத்தில், இரண்டு பக்கமும் குறுவை வயல். இறக்கி வைத்த நாலு பேரும் குனிந்தபடியே ஒரே பக்கம் பார்த்தார்கள். "ஒடப்பு" என்றார் ஒருவர். சாலையோர வரப்பில் நண்டு வளை வாய் பிளந்து, தண்ணீர் ரோட்டோரப் பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இருங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பயிரில் கால் படாமல் இறங்கி, சேறு அள்ளிப் போட்டேன். முழங்கால் வலியில் உயிர் போனது. முதல் மிதி மிதித்தபோது பின்னால் யாரோ மெல்ல, "மிதி" என்றார்கள். இரண்டாவதற்கு நாலைந்து குரல்கள். மூன்றாவதற்கு ஊரே சொன்னது. மேளக்காரர்கள் அதற்கேற்ப அடித்தார்கள். சிலர் அழுதுகொண்டே கை தட்டினார்கள். உடைப்பை ஒரு சாண் உயர்த்தியே அடைத்தேன். குனிந்து பார்த்தேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை.

சேற்றுக் காலோடு வந்து அவர் பக்கத்தில் நின்று சொன்னேன்:

"அடைச்சாச்சுண்ணே. நீங்க நிக்காமப் போங்க."